பழைய டட்சனுக்கு நீள இருக்கையா, தனி இருக்கையா?

செபராங் பிறையிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 44, தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். காய்கறி வியாபாரம் செய்த அவருடைய தந்தையார் வாங்கிய டட்சன் 620 பிக்கப், 1978-இல் பதிவானது, இப்போது மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. எஞ்சினையும் பிரேக்கையும் போர்மேன் (மெக்கானிக்) ஒருவர் சரிசெய்து கொடுத்துவிட்டார். மீதமிருப்பது உள்பக்க வேலை. கதவுக்குக் கதவு நீளும் ஒரே இருக்கையில் சுருள் கம்பிகள் இரண்டு உடைந்து, ஸ்பாஞ்சு மாவாக உதிர்கிறது. அதைப் பிரித்து மறுபடி கட்ட 1,100 ரிங்கிட் கேட்ட குஷன் கடைக்காரர், அதைவிட ஆப்கட் கடையில், அதாவது வெட்டிப் பிரித்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில், எடுத்த ஜப்பானியக் காரின் தனி இருக்கைகள் இரண்டை 1,600 ரிங்கிட்டுக்குப் பொருத்திக்கொள்வது மேல் என்று சொல்ல, வாசகர் 900 ரிங்கிட் முன்பணம் கொடுத்து வண்டியையும் கடையில் விட்டுவிட்டார்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. 76 வயதாகும் தந்தையார், மூன்று பேர் உட்கார்ந்து போன வண்டியை இரண்டு பேர் வண்டியாக்குவதா என்று வருந்துகிறார். மனைவிக்குத் தனி இருக்கைதான் பாதுகாப்பு என்று தோன்றுகிறது. எட்டு வயது மகளுக்கோ தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து போக ஆசை. இருக்கையை மாற்றினால் காப்புறுதி செல்லாமல் போகும் என்கிறார் மைத்துனர். இத்தனை வயதான வண்டியை யார் கேட்கப் போகிறார்கள், அதற்குச் சீட் பெல்ட்கூடத் தேவையில்லை என்கிறார் நண்பர். வாசகர் வேலையை நிறுத்தச் சொன்னபோது, முன்பணம் திரும்பாது, கழற்றிய பழைய இருக்கையும் கடைக்கே சொந்தம் என்று கடைக்காரர் கூறியிருக்கிறார். எந்த இருக்கையை வைப்பது, சட்டம் எதை அனுமதிக்கிறது, கொடுத்த பணம் என்னாகும் என்பவை வாசகரின் மூன்று கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் அழகும் மறுவிற்பனை மதிப்பும் முதலில் வருகின்றன. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது இயல்பு. ஆனால் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பொறியாளர்களின் அறிக்கைகளை ஆண்டுக்கணக்கில் படித்து வரும் வழக்கறிஞன் என்ற முறையில், எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு. அந்த வண்டியில் உண்மையில் யார் யார் உட்காரப் போகிறார்கள், வண்டி திடீரென்று நின்றால் அவர்களைப் பிடித்து நிறுத்தப்போவது எது? இதற்கு நேர்மையாக விடை எழுதிவிட்டால் நீள இருக்கையா தனி இருக்கையா என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். எனவே உங்கள் மூன்றாவது கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, உட்காருபவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

நடு இடம் யாருக்கு?

தந்தையாருடைய வாதத்தின் பலம் முழுவதும் நடு இடத்தில்தான் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் மூன்று இருக்கைகள் என்று இருப்பதை நீங்களும் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். அந்த எண், எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு வரம்பு கட்டுகிறதே தவிர, மூன்றாமவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று உறுதி சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களில், தானே சுருளாத பழைய வகை சீட் பெல்ட்கள் கதவோரம் இரண்டு இடங்களில் மட்டுமே இருக்கின்றன. நடுவில் இடுப்பைப் பிடிக்கும் பட்டைகூட இல்லை. போதாததற்கு, கியர் கம்பு தரையிலிருந்து எழுந்து நடுவில் உட்காருபவரின் முழங்காலுக்கு அருகே நிற்கிறது. உங்கள் மகள் அங்கே உட்கார்ந்தால், இரண்டாவது கியர் போடும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அவளுடைய காலைத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

நண்பரின் கூற்றையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். முன் இருக்கையில் சீட் பெல்ட் அணிவதற்கான விதிகள் நம் நாட்டில் 1978-இல் வெளியாகி, 1979 முதல் நடப்பில் இருக்கின்றன. அதாவது உங்கள் வண்டி பதிவான அடுத்த ஆண்டிலேயே. பின் இருக்கைக்கு அந்தக் கடமை 2009 ஜனவரியில் வந்தது. தனியார் வாகனங்களில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயமானது. ஆகவே வண்டியின் வயதைக் காட்டி, இருக்கும் பெல்ட்களைக் கழற்றிப் போடுவது பற்றி எண்ணவே வேண்டாம்.

நடுவில் ஓர் இடுப்புப் பட்டையைப் புதிதாகப் பொருத்திக்கொண்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. உங்கள் மகளின் உயரம் 122 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உயரத்துக்குப் பூஸ்டர் இருக்கை வேண்டும், பூஸ்டருக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று புள்ளி பெல்ட் வேண்டும். இடுப்புப் பட்டையை மட்டும் கட்டினால் மோதலின்போது உடம்பின் மேற்பகுதி முழுவதும் முன்னால் மடியும். பட்டை இடுப்பெலும்பை விட்டு நழுவி வயிற்றில் அழுந்தும். குழந்தைக்கு இடுப்பெலும்பு இன்னும் முழு வளர்ச்சி அடையாததால் அந்த நழுவல் எளிதில் நடக்கும். நான் படித்த மருத்துவ அறிக்கைகளில் மிகவும் வேதனை தருபவை இந்த வகைக் காயங்களைப் பற்றியவைதான்.

எனவே எந்த இருக்கையை வைத்தாலும் இது இருவர் வண்டி என்றே முடிவு செய்யுங்கள். மகள் வர விரும்பும் நாளில் இடப்பக்கக் கதவோரம், தலைக்குப் பின்னும் சாய்வு உள்ள உயரமான பூஸ்டரில், மூன்று புள்ளி பெல்ட்டோடு அவளும் நீங்களும் மட்டும் போகலாம். தாத்தாவும் சேர வேண்டுமானால் வீட்டுக் காரில் போகலாம். பின்தட்டில் ஒருவரை உட்கார வைப்பதை யாராவது மாற்று வழியாகச் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இந்த முடிவு தந்தையாருக்குக் கசக்கும் என்பது தெரியும். ஆனால் அவருடைய வாதம் விழுந்துவிட்டதால் தனி இருக்கை வென்றுவிட்டது என்று பொருளல்ல. நீள இருக்கையை வைத்துக்கொள்ள வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் முக்கியமானது தந்தையாரே.

தந்தையார் ஏறி இறங்கும் விதம்

அவர் வண்டியில் ஏறுவதை நீங்கள் ஒரு பத்தியில் விவரித்திருக்கிறீர்கள்: கதவைத் திறந்து முதுகைக் காட்டி நின்று, பக்கவாட்டில் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு வலது முழங்காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, கடைசியில் இடது காலை இழுத்துக்கொள்கிறார். மூட்டு வலி உள்ளவர்கள் எல்லாரும் கண்டுபிடித்துக்கொள்ளும் முறை அது. அதற்கு ஓரம் தட்டையாக இருக்க வேண்டும். ஆப்கட் கடையிலிருந்து வந்திருக்கும் இருக்கைகளின் படத்தைப் பார்த்தேன். தொடையின் இரு பக்கமும் மேடு எழுந்திருக்கிறது. வளைவில் ஓட்டுநர் சரியாமல் இருப்பதற்காக அமைத்த மேடு அது. உங்கள் தந்தையார் ஒவ்வொரு முறையும் அந்த மேட்டின் மீது உட்கார்ந்து, அதைத் தாண்டிச் சறுக்கி உள்ளே விழ வேண்டியிருக்கும். பழைய ரெக்சின் போர்த்திய தட்டையான நீள இருக்கை இந்த ஒரு வகையில் அவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தது போல் பொருந்துகிறது.

தனி இருக்கையின் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நீள இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தினால் இருவரும் சேர்ந்தே நகர வேண்டும். நீங்கள் ஐந்தடி பத்து அங்குலம், மனைவி ஐந்தடி என்றால் இருவரும் மாறி மாறி ஓட்டும் பயணத்தில் யாராவது ஒருவருக்கு முழங்கால் இடிக்கும். வழுவழுப்பான ரெக்சினில் வளைவுகளில் உடம்பு சரியும். பெல்ட்டை இறுக்கிக் கட்டாதவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் தங்களை நிறுத்துவார்கள். இடுப்பின் வளைவுக்குத் தாங்கல் இல்லாததால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் முதுகு சொல்லும். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் இருக்கையில் தலைச் சாய்வு இல்லை. பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் கழுத்து பின்பக்கம் மடங்கும். ஒற்றை கேபின் பிக்கப்பில் தலைக்குப் பின்னால் சில அங்குலத்தில் கண்ணாடி வேறு இருக்கிறது. உங்கள் மனைவி தனி இருக்கையே பாதுகாப்பு என்று சொல்வதில் இந்தப் பகுதி முழு உண்மை.

ஆனால் நீங்கள் இந்த வண்டியை எதற்காக வைத்துக்கொள்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு, மாதம் ஒருமுறை அக்காள் வீட்டுக்கு, தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றித் தண்ணீர்மலை அடிவாரம் வரை என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் வரை வேலைக்கு ஓட்டும் வண்டியாக இருந்தால், தயங்காமல் தனி இருக்கை என்றே சொல்லியிருப்பேன். குறுகிய, மெதுவான பயணங்களுக்கு, பெரும்பாலும் நீங்களும் தந்தையாரும் மட்டுமே போகும் வண்டிக்கு, பழைய நீள இருக்கையை முறையாகப் புதுப்பித்து, தலைச் சாய்வும் புதிய பெல்ட்களும் சேர்ப்பதே என் பரிந்துரை. ஜார்ஜ்டவுனின் குறுகிய சந்துகளில் வலப்பக்கக் கதவைத் திறக்க வழியில்லாமல் நிறுத்தும்போது, இடப்பக்கமாக நகர்ந்து இறங்கும் வசதியும் மிஞ்சும். கியர் கம்பைத் தாண்ட வேண்டும் என்றாலும், இரண்டு தனி இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைத் தாண்டுவதைவிட அது எளிது.

புதுப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தலைச் சாய்வை வெறும் ஸ்பாஞ்சு மேடாக முதுகுப் பகுதியில் தைத்துக் கொடுப்பார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், தாங்காது. இருக்கையின் இரும்புச் சட்டத்திலேயே குழாய் பொருத்தி, அதில் கம்பி இறங்கும்படி செய்ய வேண்டும். அதன் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலையின் உயரத்துக்கு அருகே வர வேண்டும். கழுத்தருகே நின்றால் அது நெம்புகோலாகிவிடும். இருவரும் தனித்தனியே இருக்கையை நகர்த்த வேண்டும் என்ற தேவை பின்னால் வலுத்தால், பிற்காலப் பிக்கப்களில் வரும், ஒரு பகுதி பெரிதும் ஒரு பகுதி சிறிதுமாகப் பிளந்த நீள இருக்கையைத் தேடலாம். அது நடுவழி, அவசரமில்லை.

தரைத் தகடும் நான்கு பற்றவைப்புப் புள்ளிகளும்

தனி இருக்கையையே வைப்பது என்று நீங்கள் முடிவு செய்தாலும், கடைக்காரர் தொடங்கியிருக்கும் முறையில் வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்தில் கோண இரும்புத் துண்டு ஒன்றைத் தரைத் தகட்டின் மேல் வைத்து, நான்கு இடங்களில் பொட்டு வைத்ததுபோல் பற்றவைத்திருக்கிறார்கள். அதன் வலது ஓரத்தில் பெயின்ட் குமிழ் விட்டிருக்கிறது. குமிழுக்குக் கீழே துரு இருக்கும். பல ஆண்டுகள் ஈரக் காய்கறிக் கூடைகளோடும் மழைநீரில் நனைந்த விரிப்போடும் இருந்த தகடு அது. அத்தகைய தகட்டில் பற்றவைப்பு, தகட்டைவிட வலுவாக இருந்தாலும் பயனில்லை; இழுப்பு வரும்போது தகடே கிழிந்து வரும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. உங்கள் பழைய வண்டியில் பெல்ட்களின் முனைகள் வண்டியின் உடலில் பொருத்தப்பட்டிருக்கின்றன. இருக்கை, உட்காருபவரைத் தாங்கினால் போதும். பிற்காலக் கார்களின் தனி இருக்கைகள் பலவற்றிலோ பெல்ட் மாட்டும் கொக்கி இருக்கையின் சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது மோதலின் இழுப்பில் பெரும் பங்கு இருக்கை வழியாக அதன் கால்களுக்கும், கால்கள் வழியாகத் தரைக்கும் இறங்குகிறது. மலேசியாவும் 2006 முதல் அங்கம் வகிக்கும் ஐநா வாகன உடன்பாட்டின் 14ஆம் ஒழுங்குவிதி, காரிலும் சிறு பிக்கப்பிலும் மூன்று புள்ளி பெல்ட்டின் பொருத்துமிடங்களைச் சோதிக்க, தோள் பகுதிக்கும் இடுப்புப் பகுதிக்கும் தலா 1,350 தெக்காநியூட்டன் விசையை ஒரே நேரத்தில் கொடுக்கச் சொல்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.4 டன் எடை இழுப்பதற்குச் சமம். இருக்கை சட்டத்தோடு பெல்ட் சேர்ந்திருந்தால் இருக்கையின் சொந்த எடைக்காக இன்னும் கூடும். 1978ஆம் ஆண்டு வண்டியை அந்தச் சோதனைக்கு யாரும் உட்படுத்தப் போவதில்லை. ஆனால் நான்கு பொட்டுப் பற்றவைப்பு எதனோடு மோத வேண்டியிருக்கும் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

இருக்கைகளை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்த பிறகு, பழைய இருக்கையின் திருகுத் துளைகளையே பயன்படுத்தும் ஒரு சட்டத்தை உருவாக்கி, தரைக்கு அடியில் அகலமான வலுவூட்டும் தகடு கொடுத்து, உயர்வலு போல்ட்டால் முடுக்கச் சொல்லுங்கள். வண்டியின் உடலை வெட்டாத அத்தகைய வேலையில் இன்னொரு லாபம், நாளைக்கு மனம் மாறினால் பழைய இருக்கையைத் திரும்ப வைக்கலாம். பெல்ட்டின் கோணத்தையும் பாருங்கள்: புதிய இருக்கை உயரமாகிவிட்டால் தரையிலுள்ள பழைய பெல்ட் முனை இருக்கைக்கு அடியில் சிக்கி, இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறிவிடும். ஆப்கட் இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் என்ற எழுத்தோ, அடியில் மஞ்சள் நிறக் கம்பி இணைப்போ தெரிந்தால் அதை வாங்காதீர்கள். உள்ளே வெடிபொருள் இருக்கிறது, குஷன் கடையில் ஊசி போட்டுப் பிரிக்கும் பொருளல்ல அது. மோதிய வண்டியிலிருந்து எடுத்த பழைய பெல்ட்டும் வேண்டாம்; ஒருமுறை இழுபட்ட பட்டை வெளியில் தெரியாமலே நைந்திருக்கும்.

ஜேபிஜேயும் காப்புறுதியும்

வாகனத்தின் அமைப்புக்கும் பயன்பாட்டுக்குமான அடிப்படை, 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் ஆகும். பதிவில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதி வேண்டும். உங்கள் பதிவில் இருக்கைகள் மூன்று. இரண்டு தனி இருக்கைகள் வைத்தால் அந்த எண் இரண்டாகிறது. ஆகவே தனி இருக்கையைத் தேர்ந்தெடுத்தால், வேலை தொடங்கும் முன் ஜேபிஜே அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அவர்கள் கேட்கும் ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோய், விவரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நீள இருக்கையைப் புதுப்பித்தால் இந்த அலைச்சல் எழவே இல்லை, ஏனெனில் இருக்கைகளின் எண்ணிக்கை மாறவில்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்ற நண்பரின் வாதத்துக்கு விடை, சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரி கேட்காமல் விடலாம்; விபத்துக்குப் பிறகு வரும் மதிப்பீட்டாளர் கேட்காமல் விடமாட்டார் என்பதே.

மைத்துனர் சொன்னதுபோல் இருக்கையை மாற்றிய அந்தக் கணத்தில் காப்புறுதி தானாகச் செல்லாமல் போய்விடாது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆம் அட்டவணைப்படி, காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தனிப்பட்ட பயனீட்டாளர் நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொல்லும் கடமை உடையவர். தவறான தகவல் வேண்டுமென்றே தரப்பட்டதா, கவனக்குறைவாலா, அறியாமையாலா என்பதைப் பொறுத்து விளைவு வேறுபடும். ஆனால் கடமை கடமைதான். மாற்றத்தை நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, அவர்கள் ஒப்புக்கொண்டதற்கான பதிலைக் கோப்பில் வையுங்கள். அதே கடிதத்தில், இழப்பீடு சந்தை மதிப்பிலா, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பிலா என்பதையும் கேளுங்கள். பழைய வண்டிக்குச் சந்தை மதிப்பு என்று அவர்கள் சொல்லும் தொகை உங்களுக்கு அதிர்ச்சி தரலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வாடகைக்கோ வேலை ஒப்பந்தத்தின் பேரிலோ ஏற்றப்படாத பயணியின் காயத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்பது தனிக் கட்டணத்தில் சேர்க்கும் பிரிவு. அதைச் சேர்த்தாலும், உங்கள் வீட்டிலேயே வசிக்கும் குடும்பத்தினர் அதில் அடங்குவார்களா என்பதை விலக்குகள் என்ற பகுதியில் தேடிப் படியுங்கள். தந்தையார்தான் உங்கள் முதன்மைப் பயணி என்பதால், பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்புறுதியைப் பற்றி முகவரிடம் கேட்பது நல்லது.

இழப்பீட்டு வழக்கில் பெல்ட் எப்படிப் பேசப்படும் என்பதற்கும் ஒரு சான்று. ஃபுரூம் எதிர் புட்சர் என்ற வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975-இல், பெல்ட் அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிருக்காது என்ற நிலையில் இழப்பீட்டில் 25 விழுக்காடும், காயம் கணிசமாகக் குறைந்திருக்கும் என்ற நிலையில் 15 விழுக்காடும் கழிக்கலாம் என்று வழிகாட்டியது. காயமடைந்தவரின் பங்குத் தவறுக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கும் அதிகாரத்தை நம் 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் தருகிறது. தவறு முழுக்க எதிர்வண்டிக்காரருடையதாக இருந்தாலும் பெல்ட் இல்லாத இடத்தில் உட்கார்ந்தது கணக்கில் வரும் என்பதைத் தந்தையாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

முன்பணமும் பழைய இருக்கையும்

பழைய இருக்கை உங்களுடையது. பழையதை ஈடாகக் கொடுத்து அதற்கு விலை கழித்துக்கொள்வதாக நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே நிலைமை மாறும். ரசீதில் அப்படி ஒரு வரியும் இல்லை. அதன் இரும்புச் சட்டமும் நகர்த்தும் தண்டவாளமும் இன்று எளிதில் கிடைக்கும் பொருள்களல்ல. பணப் பேச்சைத் தொடங்கும் முன் அதை நேரில் பார்த்து, படம் எடுத்து, கழித்துக் கட்டக் கூடாது என்று புலனத்திலாவது (வாட்ஸ்அப்) எழுதி அனுப்புங்கள்.

முன்பணம் என்று பெயர் வைத்ததாலேயே முழுத் தொகையையும் கடைக்காரர் பிடித்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடு என்பதே 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு வைக்கும் அளவு. அதே நேரத்தில், மனம் மாறியவர் நீங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர் இருக்கைகளை வாங்கி வந்திருக்கிறார், ஒரு பக்கம் வேலையும் தொடங்கியிருக்கிறார். செய்த வேலைக்குரிய கூலி தீரும் வரை வண்டியை நிறுத்திவைக்கும் உரிமை பட்டறைக்காரருக்கு உண்டு. ஆகவே வண்டியை இரவோடு இரவாக எடுத்து வரும் யோசனையைக் கைவிடுங்கள். மறுபுறம், துருப்பிடித்த தகட்டின் மேல் பற்றவைத்தது நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்த வேலையா என்ற கேள்வி உங்களுக்குச் சாதகமானது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவை தருபவரிடம் எதிர்பார்ப்பது அந்தக் கவனத்தைத்தான். அந்தப் பற்றவைப்பை உங்கள் போர்மேனிடமோ வாகனப் பொறியாளரிடமோ காட்டி, ஒரு பக்கத்தில் கருத்து எழுதி வாங்குங்கள்.

பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை அது விசாரிக்கும்; பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்; மூன்று ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். வழக்கறிஞர்கள் அங்கே உங்களுக்காக வாதாட முடியாது. எங்கள் தொழிலுக்கு இழப்பு, உங்களுக்குச் சேமிப்பு. தீர்ப்பாயம் சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள், சேவை பற்றிய புகார்களுக்கே உரியது என்பதால், வண்டி இப்போது வியாபாரத்துக்கு ஓடவில்லை என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

ஆனால் 900 ரிங்கிட்டுக்காகத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதே கடைக்காரர்தான் நீள இருக்கையைக் கட்டித் தர 1,100 ரிங்கிட் கேட்டவர். முன்பணத்தை அந்த வேலைக்கு மாற்றிக்கொள்ளவும், பற்றவைத்த துண்டைக் கழற்றித் தகட்டைச் சரிசெய்ய ஒரு தொகை பேசிக்கொள்ளவும் முன்வாருங்கள். ஆப்கட் இருக்கைகளை அவர் வேறு வாடிக்கையாளருக்கு விற்றுக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டால், சுருள் கம்பிகள் மாற்றுதல், சட்டத்தில் தலைச் சாய்வுக் குழாய், தரையின் துரு நீக்கம், பழைய திருகுத் துளைகளிலேயே பொருத்துதல், முடிக்கும் நாள், மீதித் தொகை ஆகியவற்றைத் தனித்தனி வரியாக ரசீதில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கதவோரப் பெல்ட்கள் இரண்டையும் தானே சுருளும் புதிய வகைக்கு மாற்றும் வேலையைக் குஷன் கடையிடம் விடாமல் உங்கள் போர்மேனிடம் கொடுங்கள். இருக்கை கடையிலிருந்து வந்து பொருந்தியதும், தந்தையாரை உட்கார வைத்து, தோளில் படியும் பெல்ட்டின் கோணத்தைப் பார்த்த பிறகே அதன் மேல்முனையின் போல்ட்டை இறுதியாக முடுக்கச் சொல்லுங்கள்.